விட்டது எங்கே போகிறது

'விடு' என்கிற ஒரே வினைச்சொல்லிலிருந்து 'விடுதலை'யும் வருகிறது, 'கைவிடுத'லும் வருகிறது. செயல் ஒன்றுதான். பிடித்திருந்த கை விரிகிறது. முதற்சொல் அதை விட்டவனின் பக்கம் நின்று பார்க்கிறது. இரண்டாவது சொல் விடப்பட்டதன் பக்கம் நின்று பார்க்கிறது. மொழி இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் கொடுத்திருந்தும் நம்முடைய ஒழுக்கச் சிந்தனை பெரும்பாலும் முதற்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேசி வந்திருக்கிறது. பற்றறுத்தல், துறத்தல், விலகி நிற்றல் என்று எந்தப் பெயரில் வந்தாலும் இந்தக் குணத்துக்கான பரீட்சை விடுகிறவனின் மனசுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. உள்ளே ஆசை மிச்சமிருக்கிறதா, வருத்தம் மிச்சமிருக்கிறதா, சாந்தி கிடைத்ததா என்பவைதாம் கேள்விகள். சமயத்தை உதறிவிட்ட நவீனர்களும் இந்தப் பரீட்சையை உதறவில்லை. 'ஒட்டாமல் இருப்பது' என்ற பெயரில், காவியைக் களைந்த அதே துறவு நம் கதைகளிலும் கவிதைகளிலும் உலவிக்கொண்டிருக்கிறது.

விடுவது நல்லதா என்பதற்கு முன்னால், விட்டது எங்கே போகிறது என்று கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி. இதை நம் சொந்த உதாரணங்களை வைத்துக்கொண்டு விவாதிப்பது கஷ்டம். துறவி, தாய், பிள்ளை, கடமை என்று ஆரம்பித்த உடனேயே கற்பூர வாசனையோ கண்ணீரோ வந்து விஷயத்தை மறைத்துவிடுகிறது. எனவே பாவமும் புண்ணியமும் இன்னும் ஒட்டிக்கொள்ளாத ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: விண்ட்ஸர்ஃபிங் என்கிற நீர்விளையாட்டு, அதிலும் அதை அலைகளுக்கு நடுவே புதிதாகக் கற்றுக்கொள்ள முயல்கிறவன். நான் அந்தப் பலகையில் ஏறியவன் அல்ல. கற்றுக்கொடுப்பவர்கள் எழுதியவற்றையும் படங்களையும் கொண்டு அறிந்ததுதான். இங்கே தேவைப்படுவது தேர்ச்சி அல்ல, விழுவதன் தர்க்கம். அது கரையில் நிற்பவனுக்கும் புரியக்கூடியது. அதில் அவனுக்குத்தான் அதிக அக்கறை இருக்கவேண்டும் என்பதும் பின்னால் தெரியவரும்.

*

கருவி எளிமையானது. மிதக்கும் ஒரு பலகை, அதன்மேல் ஒரு பாய்மரம், பாய்மரத்தில் பாய், பாயின் இரு புறமும் வளைந்து சுற்றிவரும் 'பூம்' என்கிற கைப்பிடி. படகில் பாய்மரத்தைக் கயிறுகள் நாலாபுறமும் இழுத்துக்கட்டி நிறுத்தியிருக்கும். இங்கே அப்படி ஒரு கயிறும் கிடையாது. பாய்மரத்தின் அடி, எந்தப் பக்கமும் சாயவும் சுழலவும் கூடிய ஒரு மூட்டின் வழியாகப் பலகையோடு சேர்ந்திருக்கிறது. அதை நிமிர்த்தி வைத்திருப்பது பலகைமேல் நிற்கிற மனிதனின் இரண்டு கைகளே. சுக்கானும் இல்லை. பாய்மரத்தை முன்பக்கம் சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றைவிட்டு விலகுகிறது. பின்பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்புகிறது. இந்த இயந்திரத்தை மனிதன் ஓட்டுகிறான் என்று சொல்வது போதாது. அவன் அதன் ஓர் உறுப்பு. அவன் கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பலகையும் நனைந்த துணியும்.

இதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் 1964ல் பாய் பொருத்திய பலகை ஒன்றைச் செய்து, 1965ல் 'பாப்புலர் ஸயன்ஸ்' பத்திரிகையில் அதைப்பற்றி எழுதினார். கலிபோர்னியாவில் விமானப் பொறியாளரான ஜிம் டிரேக்கும் அவர் நண்பர் ஹாயில் ஷ்வைட்ஸரும் 1968ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்தக் காப்புரிமையை வைத்து இங்கிலாந்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், 1958ல் ஹேலிங் தீவுப் பக்கத்தில் பீட்டர் சில்வர்ஸ் என்கிற 12 வயதுப் பையன் தன் விளையாட்டுக்காகச் செய்துகொண்ட பலகை சாட்சியாக வந்து நின்றது. 1980களின் நடுவில் அங்கே காப்புரிமை செல்லாது என்று முடிவாயிற்று. யாருக்கு உரிமை என்பது நமக்கு முக்கியமில்லை. ஒருவரையொருவர் அறியாத இவர்களிடம் பொதுவாக இருந்த யோசனைதான் முக்கியம். பாய்மரத்தைக் கட்டவேண்டாம், அது விழலாம் என்பதே அந்த யோசனை. பாய்மரம் விழாமலிருக்க எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலில் இது சின்ன விஷயமல்ல. விடுவது இந்தக் கருவியில் விபத்தாக நேர்வதில்லை. அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

முதற்பாடம் அலையில்லாத நீரில் நடக்கிறது. ஒரு ஏரியிலோ கழிமுகத்திலோ. கற்கிறவன் காற்றுக்கு முதுகைக் காட்டிப் பலகையில் நின்றுகொண்டு, நீரில் படுத்துக்கிடக்கும் பாயை ஒரு கயிற்றால் மெல்ல இழுத்துத் தூக்குகிறான். பாய்மேல் ஏறியிருக்கும் நீர் வழிந்து இறங்கும்வரை அது பிணமாய்க் கனக்கிறது. பிறகு சட்டென்று லேசாகிவிடுகிறது; அந்த லேசையே எதிர்பாராமல் பலர் மல்லாந்து விழுகிறார்கள். மறுபடி ஏறி, மறுபடி இழுத்து, பூமைப் பிடித்து, பின்கையால் பாயைத் தன்பக்கம் சேர்த்தால் அதில் காற்று நிறைகிறது. பலகை நகரத் தொடங்குகிறது. காற்று தாங்கமுடியாதபடி பலத்துவிட்டால்? அதற்குத்தான் முதல் விதி: விட்டுவிடு. முதலில் பின்கையை, போதாதென்றால் இரண்டையும்.

புதியவனுக்கு இது சுலபத்தில் வருவதில்லை. பயந்த கை இறுகும். அது உடம்பின் பழைய பாடம். இறுகப் பிடித்தவனைப் பாய் தூக்கித் தன்மேலேயே எறிந்துகொள்கிறது. ஆசான் முதல் சில நாட்களில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பிடியைத் தளர்த்தத்தான். உன்னைவிடப் பெரிய பலத்தோடு மல்லுக்கு நிற்காதே, அதற்கு வழிவிடு, பிறகு மறுபடி தொடங்கலாம். இது நல்ல பாடம், உண்மையும்கூட. ஏனென்றால் இங்கே விட்டதற்கு விலையே இல்லை. சரிந்த பாய் நீருக்குள் அமிழ்ந்து நங்கூரம்போலப் பலகையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. விட்டது இரண்டு முழ தூரத்தில் கிடக்கிறது. யாருக்கும் அடியில்லை, எதுவும் தொலையவில்லை. பல தடவை இப்படி விட்டு விழுந்து எழுந்தபின் கற்கிறவனுக்குள் ஒருவகைச் சாந்தம் வந்துவிடுகிறது. விழுவதில் அவமானம் போய்விடுகிறது. தான் விடக் கற்றுக்கொண்டவன் என்று அவன் நினைத்துக்கொள்வதில் தவறில்லை. கொஞ்சம் படித்தவனாக இருந்தால் இதையே ஒரு தத்துவமாக்கவும் அவனுக்குத் தோன்றும்.

*

அடுத்த கட்டத்தில் அவன் அலைகளுக்கு வருகிறான்.

ஆழமான கடலில் அலை என்பது நீரின் பயணம் அல்ல. நீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே வட்டமிடுகிறது. சக்திதான் கடந்து போகிறது. கரையை நெருங்கி, ஆழம் அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும் இடத்தில், அலையின் தலை அதன் காலை முந்திக்கொண்டு கவிழ்ந்து உடைகிறது. அதற்கப்புறம் பாய்வது நீரேதான். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோ. இடுப்பளவு அலை என்று கரையிலிருந்து அலட்சியமாகச் சொல்கிறோம். அந்த இடுப்பளவில் எத்தனை ஆயிரம் கிலோ வருகிறது என்பது அதன் பாதையில் நிற்பவனுக்குத் தெரியும்.

காற்றும் இங்கே வேறு. இரண்டு அலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் அது குன்றிப்போகிறது. இதுவரை தன் உடம்பின் பாரத்தைப் பாயின் இழுப்பின்மேல் சாய்த்து நின்றவனுக்கு, எதிரே அலை எழும்பும் சமயத்தில், சாய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. அவன் விழுகிறான். விழும்போது தான் நன்றாகக் கற்றதைச் செய்கிறான்: கையை விடுகிறான்.

இப்போது பலகையும் பாயும் அலையின் கைக்குப் போய்விடுகின்றன. தட்டை நீரில் நங்கூரமாக இருந்த அதே பாய், இங்கே உடைந்த நீருக்கு வாகான பிடியாகிவிடுகிறது. பாய்மரத்தின் நுனி அடித்தரையில் ஊன்றிக்கொண்டால் முறிகிறது. எல்லாம் சேர்ந்து கரையை நோக்கிப் புரள்கிறது. வழியில் வேறொரு கற்றுக்குட்டி இருக்கலாம், குளிக்கிறவர்கள் இருக்கலாம், முழங்கால் நீரில் ஒரு குழந்தை நிற்கலாம். ஆளில்லாத பலகைக்கு யாரையும் தெரியாது.

அதனால் அலைகளில் கற்றுக்கொடுப்பவர்கள் தரும் விதி நேர்மாறானது: விடாதே. விழுந்தாலும் பூமையோ பாய்மரத்தின் நுனியையோ பற்றிக்கொள். அலை தலைக்குமேல் போகட்டும், கருவி உன் கையோடு இருக்கட்டும். இதோடு இன்னொரு விதியும் சேர்ந்து வருகிறது. பலகைக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதே. எப்போதும் கடல் பக்கமே நில். ஏனென்றால் அலை எதைத் தூக்கினாலும் கரைப்பக்கம்தான் எறியும். கடலோரத்தின் ஒழுக்கம் முழுவதும் இந்த ஒரு திசையில் அடங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

விளையாட்டின் பிற்காலச் சரித்திரமும் இதையொட்டியே போயிருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் ஹவாயின் ஓவாஹு தீவில், கைலுவா கடற்கரையில், அலைகளின்மேல் துள்ளத் தொடங்கியவர்கள் பலகையில் கால்களை நுழைத்துக்கொள்ள வார்களைப் பொருத்தினார்கள். துள்ளும்போது பலகை காலைவிட்டுப் போய்விடுகிறது என்பதுதான் காரணம். கட்டாத பாய்மரத்தில் பிறந்த விளையாட்டு, அலைக்கு வந்ததும் மறுபடி கட்டத் தொடங்கியது.

*

அப்படியானால் முதல் விதி பொய்யா? இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. இரண்டும் எனக்குத் திருப்தி தரவில்லை.

முதல் பதில்: விதிகள் எல்லாம் ஏணிகள், ஏறினபின் வேண்டாம். இந்த உவமைக்கு நம் காலத்தில் கௌரவம் தந்தவர் விட்கன்ஸ்டைன். 1921ல் வெளிவந்த தன் நூலின் முடிவில் அவர் இதைப் பயன்படுத்துகிறார். தத்துவத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் தள்ளிவிட்ட ஏணி யார் தலையில் விழுந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ள அந்த உவமையில் இடமில்லை. உயரத்தில் இருப்பவன் மட்டுமே அதில் ஒரு பாத்திரம். மேலும், அலைக்கு வந்தவன் முதல் விதியைக் கடந்து உயர்ந்துவிட்டவனும் அல்ல. தட்டை நீருக்குத் திரும்பினால் அவன் மறுபடி விடத்தான் வேண்டும்.

இரண்டாவது பதில்: எல்லாம் சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. இது உண்மையாக இருப்பதாலேயே பயனற்றதாகிவிட்ட வாக்கியங்களில் ஒன்று. எந்தச் சந்தர்ப்பத்தின் எந்த அம்சத்தைப் பொறுத்தது என்று சொல்லாதவரை, அது ஒவ்வொருவனுக்கும் அவனுக்குப் பிடித்ததைச் செய்ய அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. இங்கே அந்த அம்சத்தைத் திட்டமாகவே சொல்ல முடியும். காற்றின் பலத்தையோ கற்கிறவனின் திறமையையோ பொறுத்து விதி மாறவில்லை. விட்ட பொருள் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. தட்டை நீரில் அது அவன் காலடியிலேயே கிடந்தது. அலையில் அது இன்னொருவன்மேல் போகிறது.

ஆக, முதல் விதியில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருந்தது. விடுவது அங்கே நிரபராதமான செயலாக இருந்ததற்குக் காரணம் விட்டவனின் குணம் அல்ல. அந்த நீரின் அமைதி. அமைதியான நீர் அவனுக்குச் செய்த உபகாரத்தை அவன் தன் மன அமைதி என்று கணக்கு வைத்துக்கொண்டான். நல்ல செயல்களைச் செய்து பழகித்தான் நல்லவனாகிறோம் என்பது அரிஸ்டாட்டில் காலத்து விஷயம், அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் பழகிய கை எந்த நீரில் இருக்கிறோம் என்று தானாகப் பார்க்காது. நல்ல பழக்கம் ஒன்று, தான் உருவான இடத்தைவிட்டு வெளியே வந்ததும், பார்வையற்றதாகிவிட முடியும். அலையில் கையை விட்டவன் கோழையும் அல்ல, அயோக்கியனும் அல்ல, நல்ல மாணவன். பாடம் அங்கேதான் கடுமையாக இருக்கிறது.

*

துறவுக்குத் திரும்புவோம். இந்தக் கேள்வியை நம் மரபு கேட்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சித்தாந்தம் கேட்காததைக் காவியம் கேட்டிருக்கிறது. அசுவகோஷரின் 'புத்தசரித'த்தில் சித்தார்த்தன் நள்ளிரவில் நகரைவிட்டு நீங்குகிறான். அத்தோடு கவிஞர் அவன் பின்னாலேயே காட்டுக்குப் போய்விடவில்லை. குதிரைக்காரன் சந்தகனும் கந்தகம் என்ற குதிரையும் திரும்பி வருகிறார்கள். எட்டாவது சருக்கம் அரண்மனையின் புலம்பலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆளில்லாத குதிரை நகருக்குள் நுழைகிறது. காத்திருந்தவர்கள்மேல் அந்த வெறுமை விழுகிறது. அசுவகோஷர் பௌத்தர், துறவை மறுப்பவர் அல்ல. ஆனாலும் விட்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்று திரும்பிப் பார்க்கிற பொறுப்பு கவிஞனுக்கு உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துறவி திரும்பிப் பார்க்கக்கூடாது என்று விதி இருக்கலாம். யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும்.

வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பேரேட்டில் ஒரு பக்கத்திலிருந்து எடுத்த தொகை இன்னொரு பக்கத்தில் எழுதப்பட்டாக வேண்டும்; எழுதாவிட்டால் அன்றைய கணக்கு முடியாது. வராக்கடன் என்று தள்ளுபடி செய்தாலும், அது பற்றிலிருந்து மறைந்து யாருடைய நஷ்டமாகவோ உட்கார்ந்துகொள்கிறது. கடன் வாங்கினவன் ஒருநாள் கைவிரித்துவிடுகிறான். அவன் மனசில் அப்போது நிம்மதிகூடப் பிறக்கலாம். ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் ஒருவன் இருக்கிறான். பெரும்பாலும் சிநேகிதன், அல்லது மைத்துனன். நோட்டீஸ் அவன் வீட்டுக்குப் போகிறது. ஜாமீன்தாரன் என்பவன் பலகைக்கும் கரைக்கும் நடுவில் நிற்பவன். பற்றறுத்தலைப் பற்றிய எந்த உபதேசத்திலும் அவனுக்கு ஓர் அத்தியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அப்படியென்றால் எதையும் விடவே கூடாதா? பிடித்துக்கொண்டு சாவதுதான் ஒழுக்கமா? இல்லை. கட்டிக்கொள்வதற்கும் அதன் ஆபத்து உண்டு என்பதற்கு அலைச்சறுக்கின் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. அலைச்சறுக்குப் பலகைகள் ஆளைவிட்டு ஓடிப்போய் மற்றவர்களைத் தாக்கிய காலத்தில், பலகையைக் காலோடு சேர்த்துக்கட்டும் வார் ஒன்று 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பழக்கத்துக்கு வந்தது. அதை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பாட் ஓ'நீல். ஆரம்பத்தில் அது ரப்பர்க் குழாயால் ஆனது. அவர் தந்தையும் நனைவுடை வியாபாரத்தில் பிரசித்தி பெற்றவருமான ஜாக் ஓ'நீல், அப்படிப்பட்ட வார் நீண்டு சுண்டியதில் திரும்பிவந்த பலகை பட்டு ஒரு கண்ணை இழந்தார். பிறகும் வார் போகவில்லை. இன்னும் உறுதியானதாக, அவ்வளவு நீளாததாக மாறியது. விட்டது பிறர்மேல் போகும். கட்டியது தன்மேலேயே திரும்பும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தவிர, ஓர் அளவுக்குமேல் அலை கேட்டுக்கொண்டிருப்பதில்லை. தேர்ந்தவனின் கையிலிருந்தும் அது பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கப்பட்டதற்கும் விட்டதற்கும் வித்தியாசம் உண்டு. முடியாததைச் செய்யவில்லை என்று ஒருவனைக் குற்றம் சொல்ல எந்த நியாயமும் இடம் தராது. கற்றுக்குட்டிக்கு அந்த அளவு மிகச் சின்னது. தேர்ந்தவன் பிடித்துக்கொள்ளும் அலையில் இவன் கை தானாக நழுவும். அப்படியானால் அவனுடைய பொறுப்பு எங்கே இருக்கிறது? விழுகிற கணத்தில் அதைத் தேடிப் பயனில்லை. அந்தக் கணத்தில் அவனிடம் திறமையும் இல்லை, நேரமும் இல்லை.

பொறுப்பு அதற்கு முன்னாலேயே, அவன் காய்ந்த மணலில் நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது. அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. நடுவே ஓய்வு உண்டு. உட்கார்ந்து பார்த்தால் அது தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கலாம். கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடித்தால், விழுந்தவனும் விட்டதும் கரைக்கே வந்துசேரும். கரையில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் ஓரத்து நீர் கண்ணாடிபோல் இருக்கும். கற்றுக்குட்டியின் கண்ணுக்கு அதுதான் பத்திரமான நாளாகத் தோன்றும். அந்த நாளில்தான் அவன் திரும்பி வரமுடியாமல் போகிறான். அப்போது அவனால் யாருக்கும் அடிபடாது என்பது சரிதான். ஆனால் அவனைத் தேடி யாரோ போகவேண்டும். இங்கிலாந்தில் 1824ல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கத்தின் படகுகளில் போகிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். வேறு வேலை பார்க்கிறவர்கள். சாப்பாட்டிலிருந்தோ தூக்கத்திலிருந்தோ எழுந்து ஓடுகிற ஒருவனிடம் போய் முடிகிறது இவன் விட்டது. கரைக்கு இணையாகக் காற்று அடிக்கும் நாளில், ஆளில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, இடுப்பளவுக்கு மேற்படாத அலையில் இறங்குகிறவனும் விழுவான்; அதே தடவைகள் விழுவான். ஆனால் எங்கே விழலாம் என்பதை அவன் முன்பே தீர்மானித்திருக்கிறான்.

கற்கிறவனுக்கு விழ உரிமை உண்டு. அதை மறுத்தால் உலகத்தில் யாரும் எதையும் கற்க முடியாது. பிறர்மேல் விழ உரிமை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான், திறமை வருவதற்கு முன்னால் ஒருவனிடம் கேட்கக்கூடிய ஒரே ஒழுக்கம். தேர்ந்தவர்கள் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. உடையும் அலைகளுக்குள் பாய்ப்பலகைக்காரர்களிடையே பொதுவாக உள்ள வழக்கம், வெளியே போகிறவனுக்கு உள்ளே வருகிறவன் வழிவிடவேண்டும் என்பது. அலைமேல் சவாரி செய்து வருகிறவனிடம் வேகமும் தேர்வும் இருக்கிறது. எதிர்த்துப் போகிறவனிடம் இரண்டும் இல்லை. இருப்பவனிடம் கடமையை வைத்தது நல்ல ஏற்பாடு.

*

இதெல்லாம் பணக்கார தேசங்களின் ஓய்வு நேர விளையாட்டு. நமக்கு என்ன என்று கேட்கலாம். உடனே கட்டுமரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, அலையைக் கடக்கிற கலை நம்மிடம் அன்றே இருந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளவும் வசதி உண்டு. நம் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் வேறொரு வகைப் படகுக்குப் பெயரானது என்பதும் நிஜம். நான் அந்தப் பக்கம் போக விரும்பவில்லை. உடையும் அலையைத் தாண்டித் தொழிலுக்குப் போகும் பரதவனுக்குக் காற்றையும் இடத்தையும் நாளையும் தேர்ந்துகொள்ளும் சௌகரியம் எப்போதும் இருந்ததில்லை. அவன் பிடியை வயிறு தீர்மானிக்கிறது. அதை என் உவமைக்கு எடுத்துக்கொள்வது முறையல்ல. விளையாட்டில் ஆபத்தை ஒருவன் தானாகத் தேர்ந்துகொள்கிறான். அதனாலேயே அதில் பொறுப்பின் வரைபடம் கலங்காமல் தெரிகிறது. அதற்குமேல் அந்த விளையாட்டை உயர்த்திப் பிடிக்கவேண்டிய அவசியம் எனக்கில்லை.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு அருகிலேயே ஒரு சோதனைக்களம் இருக்கிறது. புதுக்கவிதை யாப்பை விட்டது. ந. பிச்சமூர்த்தி 1930களில் தொடங்கி, 1959ல் வந்த 'எழுத்து' மூலம் இயக்கமாகிவிட்ட அந்த விடுதலையைப் பற்றி வேண்டுமளவு பேசியாகிவிட்டது. விட்டது சரியா என்றுதான் இரு கட்சியும் சண்டை போட்டது. விட்டது எங்கே போயிற்று என்று அதிகம் கேட்கப்படவில்லை. யாப்பு தாங்கிக்கொண்டிருந்த பாரம் மறைந்துவிடாது. எங்கே நிறுத்துவது, எதை அழுத்துவது, எந்த மூச்சில் அடுத்த அடிக்குப் போவது என்ற வேலை யாராவது செய்தாக வேண்டியது. நல்ல கவிஞர்கள் அதை வரிக்கு வரி தாங்களே சுமந்தார்கள். வரி முறியும் ஒவ்வோர் இடத்துக்கும் அவர்களால் பதில் சொல்ல முடியும். மற்றவர்கள் கையை விரித்தார்கள். பாரம் வாசகன்மேல் போய் விழுந்தது. பிறகு வாசகனுக்குப் புரியவில்லை என்று அவனையே குறை சொன்னார்கள். தட்டை நீரில் விடக் கற்றுக்கொண்டு நேராக அலைக்கு வந்தவர்கள் இவர்கள். யாப்புக்குத் திரும்பு என்பது இவர்களுக்கான பதில் அல்ல. விட்டதைக் கணக்கில் எழுது என்பதுதான்.

வெளியே போகிறவன் கடலைப் பார்த்து நிற்கிறான். அவன் முன்னால் அலை. முதுகுக்குப் பின்னால் கரை. அவன் பயப்படவேண்டியது எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அவனால் அடிபடக்கூடியவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள். தன் பயத்தோடும் தைரியத்தோடும் சாந்தியோடும் ஒருவன் எவ்வளவு ஆழமாகப் பரிச்சயம் கொண்டாலும், அந்தப் பரிச்சயம் அவனை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. கை விரிவதற்கு ஒரு கணம் போதும். விட்டது போய்ச் சேர அதைவிடக் கொஞ்சம் நேரமாகும். விடுதலையா கைவிடுதலா என்பது அந்த இடைவெளியில் தீர்மானமாகிறது; அப்போது விட்டவன் தண்ணீருக்கடியில் இருப்பான். அவன் பார்க்கவேண்டியதை இறங்குவதற்கு முன்பே பார்த்திருக்கவேண்டும்.